தெரியுதாம்

அமலம் மைனி வீட்டில் வைஃபை பூஸ்டர் மாட்டிய அன்றுதான், செத்துப்போய் வெகு காலமான அவள் புருஷன் கஸ்பார் அண்ணாச்சி மறுபடியும் மொட்டை மாடியில் ஏறி நின்று "இப்பத் தெரியுதா?" என்று கேட்டார். பூஸ்டர் என்பது நாங்கள் வைத்த பெயர். அட்டைப்பெட்டியில் எக்ஸ்டெண்டர் என்று என்னவோ போட்டிருந்தது. ஆனால் டிவி ஆண்டெனாவுக்கு ஒரு குட்டிப் பெட்டி மாட்டிச் சிக்னலை இழுத்த காலத்தில் வளர்ந்த தூத்துக்குடிக்காரர்களுக்கு, சிக்னலை இழுத்துக் கொடுக்கிற எந்தப் பெட்டியும் பூஸ்டர்தான்.

அந்தக் காலத்தைச் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மெட்ராஸ் டிவி எங்களுக்கு எட்டாது. கடல் தாண்டி வருகிற இலங்கை ரூபவாகினிதான் முதலில் எட்டியது, கொடைக்கானல் கோபுரம் பிறகு வந்தது, ஆகவே ஆண்டெனாக் கம்பத்தைக் கிழக்கே திருப்பினால் கொழும்பு, வடமேற்கே திருப்பினால் கொடைக்கானல், இரண்டுக்கும் நடுவே நின்றால் வெறும் புள்ளிமழை. எங்கள் காம்பவுண்டில் முதலில் டிவி வாங்கியவர் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டிய கஸ்பார் அண்ணாச்சி. அவர் வீட்டு முன்னறையில் காம்பவுண்டே உட்கார்ந்திருக்கும், மைனி டிவிக்கு முன்னால் நிற்பாள், அண்ணாச்சி மாடியில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார், வீட்டுச் சுவர் பழைய சுண்ணாம்புச் சுவர் என்பதால் கீழே பேசுவது மேலே கேட்காது, மேலே கேட்பது கீழே சரியாக வராது, அதனால் நடுவில், முற்றத்தில், அவர்கள் மகள் ஜெசிந்தா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்று இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் சொல்லுவாள். "தெரியலயாம்ப்பா!" "கோடு கோடா வருதாம்ப்பா!" "சத்தம் வருதாம், ஆள் வரலயாம்!" கடைசியில் "தெரியுதாம்ப்பா, இறங்கி வரணுமாம்!" சில நாள் படம் நன்றாகத் தெரிந்த பிறகும் அந்தக் குட்டிப் பிசாசு வேண்டுமென்றே "தெரியலயாம்" என்று சொல்லி அப்பாவைச் சுற்றவிடும்.

அண்ணாச்சி இரும்புப் படியில் செருப்புச் சத்தத்தோடு இறங்கி, தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வருவதற்குள் படத்தில் கால்வாசி போயிருக்கும். வந்து உட்கார்ந்ததும் ஒரே கேள்விதான்: "எதுவரைக்கும் போச்சு?" மைனி அவர் காதோரம் குனிந்து, யார் யாருக்கு மகள், யார் ஏமாற்றுகிறவன், யார் ஏமாந்தவள் என்று கிசுகிசுவென்று கதையைச் சொல்லி, "இவ்வளவுதான் ஆச்சு. இனிமே பாருங்க" என்று முடிப்பாள். நாங்கள் எல்லாரும் "உஷ், உஷ்" என்போம். அந்த மனுஷன் தன் ஆயுளில் ஒரு படத்தின் தொடக்கத்தையும் பார்த்ததில்லை.

பிறகு கேபிள் வந்தது. கம்பத்துக்கு வேலை போயிற்று. அதே வருஷத்து மழையில் அண்ணாச்சிக்கு இளைப்பு முற்றி, மூச்சு இழுத்து இழுத்து, ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடினார். ஜெசிந்தா அப்போது எட்டாம் வகுப்பு. கம்பம் மட்டும் மாடியிலேயே நின்றது. நாங்கள் அதில் துணிக்கொடி கட்டினோம்.

ஜெசிந்தா இப்போது காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். ரவுட்டர் முன்னறையில், அவள் மேசை பின்னறையில், நடுவே அந்தச் சுண்ணாம்புச் சுவர்கள். மீட்டிங்கில் அவள் முகம் உறைந்து வாய் திறந்தபடி நின்றுவிடுகிறது என்று ஆபீஸில் ஏசினார்கள். அதற்காகத்தான் பூஸ்டர் வாங்கினாள். முதலில் அதைப் பின்னறையிலேயே சொருகிப் பார்த்தாள், விளக்கு எரியவில்லை. பிறகு குறிப்பைப் படித்துவிட்டு, வீட்டின் நடுவே சமையலறை வாசலில் இருந்த பிளக்கில் சொருகினாள். அன்றைக்கு நானும் அங்கேதான் இருந்தேன். பக்கத்து வீட்டு பவுலினாகிய எனக்கு அடுத்த வீட்டில் ஒரு பெட்டி பிரிக்கிற சத்தம் கேட்டால் கால் தரையில் நிற்காது.

"சிக்னல் இல்லாத இடத்துல வெச்சா அது என்னத்த வாங்கும், என்னத்தக் குடுக்கும்?" என்றாள் ஜெசிந்தா. "இது புதுசா எதையும் உண்டாக்காதும்மா. நடுவுல நின்னு, இங்கன கேட்டதை அங்கன சொல்லும். அவ்வளவுதான்."

"நீ சின்னப் பிள்ளைல செஞ்ச வேலைன்னு சொல்லு" என்றாள் மைனி.

ரவுட்டரில் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு, உடனே பூஸ்டரிலும் அமுக்க வேண்டுமாம். ஜெசிந்தா முன்னறைக்குப் போனாள், மைனி பூஸ்டர் பக்கத்தில் நின்றாள். "அமுக்கிட்டேன்! நீயும் அமுக்கு! பச்சை லைட்டு தெரியுதா?" என்று ஜெசிந்தா கத்த, மைனி பொத்தானை அமுக்கினாள், விளக்கைப் பார்த்தாள், அது சிவப்பாகவே நின்றது, அப்போது அவள் முன்னறையைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை, பழக்கம் எங்கே போகும், தலையைத் தூக்கி மேலே விட்டத்தைப் பார்த்து, "தெரியலங்க! இன்னும் கொஞ்சம் திருப்புங்க!" என்று கத்திவிட்டாள்.

மாடியில் கம்பம் கிரீச்சிட்டது. விளக்கு பச்சையானது. "இப்பத் தெரியுதா?" என்று மேலேயிருந்து அண்ணாச்சி கேட்டார்.

ஜெசிந்தா இரும்புப் படியில் ஓடினாள். மாடியில் யாரும் இல்லை, எங்கள் வீட்டுப் போர்வை காய்ந்துகொண்டிருந்தது, ஆனால் வருஷக்கணக்காகத் துருப்பிடித்து அசையாத கம்பம் வடமேற்கே திரும்பி நின்றது, கூடவே துணிக்கொடியும் முறுக்கிக்கொண்டு கிடந்தது. அவள் இறங்கி முற்றத்தில் காலை வைத்ததும், "சொல்லுட்டி, தெரியுதா இல்லையா?" என்று சத்தம் மறுபடி வந்தது. கீழே நின்றால்தான் அண்ணாச்சி கேட்பார், மேலே போனால் இல்லை. இந்த ஒழுங்கு எங்களுக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் காம்பவுண்டு முழுக்க விஷயம் தெரிந்தது. பயந்தவர்கள் யாரும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்த ஆள்தானே. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், அண்ணாச்சி மேலேயிருந்து "மழை தூத்துதா?" என்று கேட்டார், சாமியார் தீர்த்தச் சொம்பை மூடிவிட்டு, "ஆத்மாவுக்காக ஜெபிச்சுக்கிட்டே இருங்க" என்று சொல்லி, போகும்போது, இந்தச் சிக்னல் தான் தங்கியிருக்கிற பங்களா வரைக்கும் வருமா என்று ஜெசிந்தாவைத் தனியாக விசாரித்தார். வரும். கம்பத்தைக் கொஞ்சம் தெற்கே சாய்த்தால் போதும்.

அப்படித்தான் எங்கள் காம்பவுண்டில் எல்லாருக்கும் நெட் வந்தது. முற்றத்தில் வந்து நின்று அண்ணாந்து கேட்டால் ஆயிற்று. சாலமோன் வாத்தியார் ஆன்லைன் டியூஷன் எடுக்கும்போது, "அண்ணாச்சி, கொஞ்சம் கொடைக்கானல் பக்கம்!" என்பார். பால்பாண்டி சவுதியிலிருக்கும் மகனோடு பேச, "அண்ணாச்சி, கொழும்பு பக்கம் விடுங்க, பையன் லைன்ல இருக்கான்!" என்பார். சாயங்காலம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேண்டும் என்று சண்டை வந்தால், அண்ணாச்சி கம்பத்தை நடுவில் நிறுத்திவிட்டு, "முதல்ல நீங்க பேசி முடிவு பண்ணுங்க" என்பார். டிவி காலத்திலும் அவர் சொல்வது அதேதான். அலுத்துக்கொண்டதே கிடையாது.

ஆனால் அவர் வேறு எதுவும் பேசமாட்டார். மைனி எப்படியெல்லாமோ முயற்சி செய்தாள். பின்வாசலில் நின்றுகொண்டு, "ஏங்க, நம்ம ஜெசிந்தா காலேஜ் முடிச்சிட்டா, பர்ஸ்ட் கிளாஸ்" என்றாள். மேலேயிருந்து, "சத்தம் வருதா, படம் வருதா?" என்று பதில் வந்தது. "எனக்குக் கண்ணுல ஆபரேஷன் பண்ணிச்சு" என்றாள். "கலங்கலாத் தெரிஞ்சா வயரைப் பாரு" என்றார். அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு அந்தப் பாஷையையே பழகிக்கொண்டாள். காலையில் எழுந்ததும், "ஏங்க, எப்படி இருக்கு?" என்பாள். "காத்து ஜாஸ்தி. பிடிச்சுட்டு நிக்கேன்" என்பார். "பாத்துப் பிடிங்க" என்பாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. வெகு காலத்துக்குப் பிறகு மைனி தலையில் பிச்சிப்பூ வைத்ததைப் பார்த்தேன். கேலி செய்ய வாயெடுத்து, செய்யாமல் விட்டேன்.

ஒரு சொல்லை மட்டும் அவள் சொல்லவில்லை. "தெரியுது" என்று அவள் சொல்லவேயில்லை. "பரவால்லங்க" என்பாள், "சுமாரா வருது" என்பாள். ஏன் என்று கேட்டேன்.

"தெரியுதுன்னு சொன்னா இறங்கிருவாரு பவுலி. ஒரு நிமிஷம் கூடுதலா நிக்கிற ஆளா அவரு? மேல இருக்க மட்டும் அவருக்கு ஒரு வேலை இருக்கு. வேலை முடிஞ்சா அவரு எங்க இருக்கப்போறாரு, சொல்லு."

நான் அதை நம்பவில்லை, கேஸ் சிலிண்டர் வந்த நாள் வரைக்கும். சிலிண்டர்காரர் முற்றத்தில் நின்று ரசீதைக் காட்டி, "நம்பர் தெரியுதாக்கா?" என்று கேட்க, நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "ஆங், தெரியுது, தெரியுது" என்றேன். இரும்புப் படியின் உச்சியில் செருப்புச் சத்தம் டொக்கென்று கேட்டது. இன்னொரு டொக். காம்பவுண்டிலிருந்த அத்தனை போனிலும் படம் உறைந்து நின்றது. மைனி கையில் மாவோடு ஓடி வந்து, "இல்லங்க, போயிட்டு! திரும்பப் போயிட்டு! ஒண்ணும் தெரியல!" என்று அலறினாள். செருப்பு அந்தப் படியிலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெதுவாக மேலே ஏறியது.

அன்றிலிருந்து எங்கள் காம்பவுண்டில் அந்தச் சொல் தடை. சொல்லே ஆபத்து என்றால் அதன் அண்ணன் தம்பிகளும் ஆபத்துதானே, ஆகவே "தெரியும்" என்பதையும் விட்டோம். விட்ட பிறகுதான் அது இல்லாமல் ஒரு நாளை ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று விளங்கியது. எனக்குத் தெரியாதா, உனக்கு என்ன தெரியும், எல்லாம் தெரிந்த மாதிரி பேசாதே என்று ஆரம்பிக்கிற சண்டைகள் எல்லாம் ஆரம்பிக்க வழியில்லாமல் நின்றன. சாலமோன் வாத்தியாரின் டியூஷன் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், போர்டு தெரிகிறதா என்று கேட்டால், "பரவால்ல சார்" என்று பதில் சொல்லி அடி வாங்கினார்கள். எதையும் தெரியும் என்று சொல்ல முடியாததால் மனுஷர்களுக்கு ஒரு பணிவு வந்துவிட்டது. புதிதாகக் குடிவந்தவர்கள் எங்களைப் பார்த்து, இவ்வளவு அடக்கமான ஜனங்களா என்று ஆச்சரியப்பட்டார்கள்.

இப்படியே கோடை போனது, காற்று மாதம் போனது, ஐப்பசி வந்தது.

முதல் மழை பெய்த அன்று மேலேயிருந்து ஒரு இருமல் கேட்டது. அடுத்த மழையில் இரண்டு மூன்று கேட்டது. கார்த்திகையில் புயல்சின்னம் என்று ரேடியோவில் சொல்லி, துறைமுகத்தில் கூண்டு ஏற்றி, காலையிலிருந்தே விடாமல் கொட்டிய மழைக்கு நடுவே, எங்களுக்கெல்லாம் அடையாளம் தெரிந்த அந்தப் பழைய சத்தம், நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற மாதிரி மூச்சு இழுக்கிற சத்தம், மாடியிலிருந்து இறங்கி வந்தது. "இப்பத் தெரியுதா?" என்று கேட்பார். பிறகு இருமுவார். இருமல் அடங்கியதும், "இப்ப?" என்பார்.

மைனி குடையைத் தூக்கிக்கொண்டு போய்க் கம்பத்தில் கட்டினாள், காற்று பிய்த்துக்கொண்டு போனது. வெந்நீரும் சுக்குக் காப்பியும் கொண்டுபோய் வைத்தாள், மழை விழுந்து நிரம்பி வழிந்தது. நாங்கள் எல்லாரும் அவரவர் வாசலில் நின்று பார்த்தோம். நெட் போய்விடுமே என்ற கவலையும் எங்களுக்கு இருந்தது, இல்லை என்று சொன்னால் அது பொய். பால்பாண்டி, "மழை விடட்டும் மைனி, மழை விட்டா சரியாயிரும்" என்றார். அவர் மகன் அன்றைக்கு லைனில் இருந்தான்.

ஜெசிந்தா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். "அம்மா, அப்பா நனையுதாரு."

"எனக்குக் கேக்கலயா?" என்றாள் மைனி. "இந்த மழைதான அன்னைக்கும் கொண்டு போச்சு. திரும்பவும் நானே அனுப்பணுமா? நீ ஒரு வார்த்தை பேசுனியாட்டி அவருகிட்ட? ஒரு வார்த்தை முழுசா கேட்டாரா? படம் வருதா, சத்தம் வருதா, இதைத் தவிர என்னத்தச் சொன்னாரு எங்கிட்ட? நான் சொல்லவேண்டியது அவ்வளவும் இருக்கு. ஒண்ணும் சொல்லாம எப்படி அனுப்ப?"

"நிக்கச் சொல்லி நிக்காரும்மா. நீ சொல்லாம அவரு இறங்கமாட்டாரு."

மைனி முன்னறைக்குப் போனாள். டிவி இருந்த இடத்தில், அந்தக் காலத்தில் நின்ற அதே இடத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேலே இருமல் கேட்டது. "இப்ப?" என்ற கேள்வி பாதியில் மூச்சு முட்டி அறுந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

"தெரியுதுங்க" என்றாள். "நல்லாத் தெரியுது. இறங்கி வாங்க."

அவ்வளவு மெல்லிய சத்தம். வாசலில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அந்தச் சுண்ணாம்புச் சுவரையும் அந்த மழையையும் தாண்டி அது எங்கே போகும். மாடியில் கம்பம் கிரீச்சிட்டது. அவர் இன்னும் திருப்பிக்கொண்டிருந்தார்.

மைனியால் இரண்டாம் முறை சொல்ல முடியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். ஜெசிந்தா முற்றத்துக்கு ஓடினாள். நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மழைக்கு நடுவே, சின்ன வயசில் நின்ற அதே இடத்தில் நின்று, இரண்டு கையையும் வாயோரம் குவித்து அண்ணாந்து கத்தினாள்:

"தெரியுதாம்ப்பா! நல்லாத் தெரியுதாம்! இறங்கி வரணுமாம்!"

கம்பம் நின்றது. "நெசமாவா?" என்று மேலேயிருந்து கேட்டார். அவளை அவருக்குத் தெரியாதா.

"நெசமாத்தான்ப்பா. இந்தத் தடவை பொய் சொல்லல."

செருப்புச் சத்தம் இரும்புப் படியில் டொக், டொக் என்று இறங்கியது. நாங்கள் எல்லாரும் வாசலைவிட்டு ஒதுங்கி வழிவிட்டோம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அந்த இளைப்புச் சத்தம் என்னைத் தாண்டிப் போனது, ஈரச் சட்டையின் குளிர் என் முழங்கையில் பட்டது, சாலமோன் வாத்தியார் ஒரு மரியாதைக்குக் கண்ணாடியைக் கழற்றினார். போன்களில் எல்லாம் படம் உறைந்துபோயிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு கம்பம் திரும்பவேயில்லை. பூஸ்டர் மட்டும் சமையலறை வாசலில் பச்சையாக எரிந்து பின்னறை வரைக்கும் ஒழுங்காகச் சிக்னல் கொடுத்தது, அட்டைப்பெட்டியில் போட்டிருந்தபடி, அதற்கு மேல் ஒரு வீட்டுக்கும் இல்லை. பால்பாண்டியும் வாத்தியாரும் தனித்தனியாக நெட் வைத்துக்கொண்டார்கள். "உனக்கு என்ன தெரியும்" என்ற சண்டைகள் திரும்ப வந்தன. இன்றைக்கும் எங்களில் யாராவது யாரிடமாவது தெரியுதா என்று கேட்டுவிட்டால், பதில் சொல்பவர் முதலில் ஒரு தடவை மாடியைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லுவார்.

அவர் இறங்கி வந்த அன்றைக்கு, ஈரத்தடம் வாசலைத் தாண்டி முன்னறைக்குள் போனது. மைனி துவட்டத் துண்டோடு நின்றாள். மூலையில் இருந்த நாற்காலி, அழுத்தி உட்கார்ந்த மாதிரி முனகியது. நீண்ட ஒரு இருமலுக்குப் பிறகு அண்ணாச்சி கேட்டார்:

"எதுவரைக்கும் போச்சு?"

அதை நாங்கள் எல்லாருமே மறந்திருந்தோம், மைனி உட்பட. இறங்கி வந்தால் அவர் அதைத்தான் கேட்பார் என்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. மைனியின் முகம் அப்போது எப்படி மாறியது என்பதை என்னால் சொல்ல முடியாது. அவள் துண்டை அந்த ஈரத்தின் மேல் போட்டு, பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நாற்காலியின் பக்கமாகக் குனிந்து, கிசுகிசுவென்று ஆரம்பித்தாள். "நீங்க போன அன்னைக்கு மழை விடவேயில்ல" என்று ஆரம்பித்தாள். கல்லறைத் தோட்டத்தில் தண்ணீர் நின்றதைச் சொன்னாள், ஜெசிந்தா சடங்கானதைச் சொன்னாள், கடல் பொங்கி ஊருக்குள் வந்ததைச் சொன்னாள், மகளைக் கட்டிக்கொடுத்ததையும் அது சரிப்பட்டு வராமல் தானே போய்க் கூட்டிக்கொண்டு வந்ததையும், யார் ஏமாற்றினார்கள் யார் ஏமாந்தார்கள் என்பதையும், கண் ஆபரேஷனையும், எந்தெந்த ராத்திரி தூக்கம் வரவில்லை என்பதையும் சொன்னாள். வைஃபையைத் தடுத்த சுவர்கள் அவள் குரலைத் தடுக்கவில்லை. காம்பவுண்டு முழுக்கக் கேட்டது. இந்தத் தடவை நாங்கள் யாரும் "உஷ்" என்று சொல்லவில்லை. ஜெசிந்தா நனைந்த துணியோடு அறைவாசலில் சாய்ந்து நின்றாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் மழை விட்டது. இளைப்புச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, தூங்குகிறவர் மூச்சு மாதிரி ஆகியிருந்தது. மைனி பூஸ்டர் வாங்கிய கதைக்கு வந்திருந்தாள். அதையும் சொல்லி முடித்து, துண்டை எடுத்து மடியில் வைத்து மடித்துக்கொண்டாள்.

"இவ்வளவுதான் ஆச்சு" என்றாள். "இனிமே பாருங்க."